சாமிக்கு வயது பார்க்கிறவர்

"மன்னிச்சுக்கோ மகராஜ், சர்க்கார் உத்தரவு" என்று முணுமுணுத்துவிட்டு, பிகாஜி கோணி ஊசியை மாருதி சிலையின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துகிறார். ஊசி செந்தூரப் பூச்சுக்குள் மெல்ல இறங்குகிறது. கல்லில் முட்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தம். அது அவர் காதுக்கு மட்டும்தான் கேட்கும். இறங்கிய ஆழத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு ஊசியை உருவுகிறார், முகர்ந்து பார்க்கிறார், தீர்ப்புச் சொல்கிறார். "நாலு மாசம். எண்ணெய் வாடைகூட இன்னும் போகல."

பம்பாயில் ரோடு போடுகிற ஆபீசில் இதற்கென்று ஓர் உத்தியோகப் பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் அவர் 'கயிறு பிடிப்பவர்'. கடற்காற்று ஊருக்குள் வர அறுபதடி அகலத்தில் வழி வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்திருக்கிறது. இத்தனை காலம் சந்துகளில் ஒருக்களித்து வந்துபோன காற்று, பிளேக் வந்த பிறகு மரியாதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. ரோட்டுக்கு அளவு பிடிக்கிற கயிறு போகிற வழியில் நிற்கும் சுவரெல்லாம் இடியும். ஆனால் சுவரில் ஒரு சாமி இருந்து, அதற்கு அங்கேயே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பூஜை நடந்திருந்தால், கயிறு வளையும். இந்த விதி ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து பம்பாயில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. கயிறு வர இரண்டு நாள் இருக்கும்போதே சந்துக்குச் சந்து மாருதி முளைக்கிறார்.

மாருதிக்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெயில் குழைத்த செந்தூரம் ஒரு பூச்சு. பன்னிரண்டு வருஷத்தில் அது ஒரு விரற்கடைக்கு மேல் கெட்டித்துவிடும். அதை ஒரே வாரத்தில் ஏற்றிவிட ஜனங்கள் படாத பாடு படுகிறார்கள். மெழுகு, வெல்லப்பாகு, சாம்பல், சுண்ணாம்பு எல்லாம் பிகாஜியின் ஊசி பார்த்தாயிற்று. ஒரு பேட்டையில் சோள மாவைப் பிசைந்து அப்பி, மேலே செந்தூரம் தடவியிருந்தார்கள். அன்றைக்கு அவர் ஊசியை வெளியே எடுக்கவே இல்லை. "எனக்கு முன்னாடியே எறும்பு வந்து பார்த்துட்டுப் போயிடுச்சு" என்றார்.

பிகாஜியின் உடம்பில் வலிகளுக்கெல்லாம் விலாசம் உண்டு. வலது முழங்கால், குத்தியதற்குப் பத்தாணி சந்து மாருதி கொடுத்தது. இடுப்பு, கிணற்றடி கணபதி. "கண்டோபா மட்டும் இன்னும் ஒண்ணும் பண்ணல. யோசிச்சிட்டிருக்கார்னு நினைக்கறேன்" என்பார். வைத்தியரிடம் போவதில்லை. வலிக்கிற இடத்தைத் தடவிக்கொண்டு, அந்தச் சந்து இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான் வைத்தியம். சந்துக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சாமிகுத்தி'. "ஏய், சாமிகுத்தி வர்றாரு, உங்க பாட்டன் படத்தையும் எடுத்து உள்ள வை. அதையும் குத்திப் பார்ப்பாரு" என்று மாடியிலிருந்து குரல் வரும். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆறு வருஷத்தில் அவர் ஒரு பொய் சொன்னதில்லை. அதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. அவருக்கு முன்னால் இந்த வேலை பார்த்த ஹரிபாவ், புது சாமி ஒன்றைப் பழசு என்று சொல்லி மாட்டிக்கொண்டு, ஆறு மாதம் ஜெயிலில் கல் உடைத்தான். அந்த ஜல்லியும் இந்த ரோட்டில்தான் எங்கேயோ கிடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை, கயிறு தானுபாயின் கானாவளில் வந்து நின்றது. மில்லில் வேலை செய்யும் கொங்கணத்து ஆட்கள் நாற்பது பேர் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு அது. பிகாஜிக்கும் ஒன்பது வருஷமாக அங்கேதான் பாக்ரி என்கிற சோள ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும். கயிறு நேராகப் போனால் அடுப்பும் அம்மியும் மாவுப் பானையும் ரோட்டுக்குக் கீழே போய்விடும். தானுபாய்க்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இருப்பது அந்த அடுப்பு.

அடுப்புக்கு மேலே இருந்த மாடத்தில் மாருதி எழுந்தருளியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிகாஜி கடைசியாகச் சாப்பிட வந்தபோது அங்கே எழுந்தருளியிருந்தது மிளகாய்ப்பொடி டப்பா.

"வாங்க பிகாஜிராவ், சாப்பிடத்தானே வந்தீங்க?" என்றாள் தானுபாய். கை முழுக்க மாவு.

"ஊசியோட வந்திருக்கேன், பாய்."

"குத்துங்க. ஒம்பது வருஷம் என் சோத்தைத் தின்ன கைதானே, நல்லா இறங்கும்."

சங்கு ஊதியும் மில்லுக்குப் போகாத ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பார்சி ஓவர்சியர் தின்ஷாஜி குடையோடும் குமாஸ்தாவோடும் அவர்களைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். "சீக்கிரம்யா. பன்னெண்டு மணிக்குள்ள இந்தச் சந்தை முடிக்கணும்."

இடது காதுக்குக் கீழே குத்துவதுதான் பிகாஜியின் வழக்கம்; எதிரே நின்று கும்பிடுகிறவர் கண்ணில் தழும்பு படாது. ஊசியை வைத்தார். அழுத்த வேண்டியிருக்கவில்லை. தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல அது தானாக உள்ளே போய், 'டிக்' என்றது.

மேலே ஒரு பூச்சுதான் புதிது. அடியில் இருந்தது அவரே போட்ட ஓட்டை. மூன்று மாதம் முன்பு லோஹார் சந்தில் இதே மாருதியைக் குத்தி, பதினாலு வருஷம் என்று சொன்னவர் அவர்தான். "இந்த ஊர்லயே வயசை மறைக்காத சாமி இவர் ஒருத்தர்தான்யா" என்று பக்கத்தில் நின்று சிரித்தவர் இதே தின்ஷாஜி. பிறகு அந்த வீட்டுக்காரன் மனம் மாறி, ரோட்டுக்கு இடத்தை விட்டுக்கொடுத்து, மாருதியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. சாமி பழசுதான். குடிவந்ததுதான் நேற்று.

"என்னய்யா, சேத்துல இறங்கற மாதிரி இறங்குது? இதுவும் மாவா?" என்றார் தின்ஷாஜி.

"இல்ல, சாகேப்."

"நகரு. நான் பார்க்கறேன்."

தின்ஷாஜி குடையை மடக்கும் நேரம்தான் இருந்தது. பிகாஜி ஊசியை உருவினார். பக்கத்தில் ஈரமாக இருந்த செந்தூரத்தைக் கட்டைவிரலால் வழித்து, ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினார். விலகி நின்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தின்ஷாஜி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடி ஓரத்தைச் சுரண்டினார். நகம்தான் வலித்தது. "பழசாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் ஊசி அப்படிப் போச்சு?"

"காலையிலதான் சாணை பிடிச்சேன், சாகேப்."

"நீ இங்கதானே சாப்பிடறே? எத்தனை வருஷமா இருக்கு இது, இந்த மாடத்துல?"

அடுப்புக்கல்லில் பாக்ரி கருகிக்கொண்டிருந்தது. தானுபாய் அதைத் திருப்பவில்லை.

"நான் வந்த நாள்லேருந்து பார்க்கறேன், சாகேப்."

"ஒரு நாள்கூட என்கிட்ட சொல்லலியே?"

"பசியோட வர்றவன் சோத்தைத்தான் சாகேப் பார்ப்பான். சாமியையா பார்ப்பான்?"

வாசலில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். தின்ஷாஜி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"முதுகுக்குப் பின்னால கையில என்ன?"

பிகாஜி கையை முன்னால் கொண்டுவந்தார். கட்டைவிரல் நகக்கண் வரைக்கும் சிவந்திருந்தது. தின்ஷாஜி அந்த விரலைப் பார்த்தார். மாருதியின் காதோரத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். பிகாஜி அந்த விரலைத் தன் நெற்றியில் வைத்து, புருவ மத்தியிலிருந்து மேலாக ஒரே இழுப்பாக இழுத்தார். உடனே இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பழசுன்னு எழுது" என்று தின்ஷாஜியின் குரல் மட்டும் கேட்டது.

கயிறு வளைந்தது. குடை சந்து முனையில் திரும்பி மறைந்தது. மில்காரர்கள் அரைநாள் சம்பளம் போனதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே கலைந்தார்கள். தானுபாய் கருகாத பாக்ரியாக ஒன்று பொறுக்கி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"கையைக் கழுவிட்டு உட்காருங்க, பிகாஜிராவ்" என்றாள்.

"மன்னிச்சுக்கோ மகராஜ்" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்த அவர், கூப்பிய கையைப் பிரிக்கவில்லை.