பஸ்ஸில் ஒரு மருதினி

இன்று நெடுங்கேணி பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்து ஒரு பெண், "மருதினி, இஞ்ச வா!" என்று கூப்பிட்டாள்.

நான் பாய்ந்து எழும்பியதில் மேலே இருந்த கம்பியில் தலை இடித்தது.

ஓடி வந்தது ஒரு சின்னப் பிள்ளை.

மருதினி என் மகளின் பெயர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து, கனகராயன்குளத்தில் ஒரு மருத மரத்தடியில்தான் முதல் கொட்டில் போட்டோம். அங்கேதான் அவள் பிறந்தாள். மரத்தை நினைத்து நானே உண்டாக்கிய பெயர். கடைசி யுத்தத்தில் சனத்துக்குள் அவளைத் தவறவிட்டபோதும், கூப்பிட்டால் அவள் ஒருத்திதான் திரும்புவாள் என்று நம்பினேன்.

இந்த வயதில் எழுதப் பழகியதே அந்தப் பெயரை ஃபோனில் தேடத்தான். ஒவ்வொரு எழுத்தும் சரியாக வந்து விழும்போது இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

தாயிடம் கேட்டேன். "இந்தப் பேரு எப்புடிம்மா கெடச்சிச்சு?"

"நெட்டில பாத்தனாங்கள் ஐயா. ஆருக்கும் இல்லாத பேர் எண்டு போட்டிருந்தது. இப்ப பாத்தா முன்பள்ளியில மூண்டு மருதினி!" என்று சிரித்தவள், என்னைப் பார்த்து, "ஏன் ஐயா அழுறியள்?" என்றாள்.

"தல இடிச்சிருச்சும்மா."

வீட்டுக்கு வந்து வழமைபோலத் தேடினேன். பிறந்தநாள் தொப்பியோடு ஒரு மருதினி சிரிக்கிறாள். அவளுக்குக் கீழே இன்னொருத்தி.

மருதினி என்று யாரையாவது கண்டால் எனக்குச் சொல்லுங்கள். பால் பல் விழாதவர்கள் வேண்டாம். என்னுடையவளுக்கு இப்போது தலை நரைத்திருக்கும்.