மத்தியாஸ் குப்பியோடு போன சிலுவைதாசன் அண்ணன்

சிலுவைதாசன் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலையில் வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது. இப்போதுதான் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன்... சட்டைகூட மாற்றவில்லை.

தங்கமான குணம், பரோபகாரி என்று ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள். அவரிடம் ஒருநாள் பேசியிருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

பாறசாலையில் ஆக்ரி கடை வைத்திருந்தார். பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் முழுக்கக் குப்பியில்.

ராஜா காலத்தில் சாராயக் கடையை ஏலம் பிடித்து, தங்கள் பெயர் பொறித்த குப்பியில் சாராயம் அடைத்து விற்ற இந்தப் பக்கத்து வியாபாரிகளின் குப்பிகள். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், மலையேறி அம்பூரி வரைக்கும் தேடிப் போவார். அந்தக் கிறுக்கு எனக்கும் உண்டு. அப்படித்தான் பழக்கம்.

அவருக்கு ஒரு வழக்கம். ஒரே குப்பி இரண்டு கிடைத்தால், ஒன்றை உடைத்துவிடுவார்.

"ரெண்டு இருந்தா வெறும் சாமானாக்கும் மக்கா. ஒண்ணு இருந்தாத்தான் நாலுபேரு தேடி வருவான்" என்பார். சிரித்துக்கொண்டேதான் உடைப்பார்.

ஒருநாள் அமரவிளையிலிருந்து லில்லி அக்கா கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

அவருடைய தாத்தா மத்தியாஸ் அந்தக் காலத்துச் சாராய வியாபாரி. பின்னால் வீட்டில் எல்லாரும் ஜெபக் கூட்டத்தில் சேர்ந்து, சாராயக்காரன் என்ற வெட்கத்தில் அவர் போட்டோவைக்கூட எரித்துவிட்டார்கள். பெயர் மிஞ்சியது குப்பியில் மட்டும்தான். அதில் இரண்டாவது ஒன்று அண்ணனுக்குக் கிடைத்தது முந்தைய நாள்தான், இன்னும் உடைக்கவில்லை.

"அப்பாவுக்கு இப்போ கண்ணு தெரியாது அண்ணா. படுத்த படுக்கையாக்கும். அவியளுக்க அப்பா பேரை ஒருக்கா தொட்டுப் பாக்கணும்ணு சொல்லுதாவ. உங்ககிட்ட ரெண்டு உண்டுல்லா... ஒண்ணு தந்தா தொட்டுக் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டு வாறேன்."

அண்ணன் உள்ளே போனார். கைக்கு வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா இரண்டு கையையும் நீட்டினார்.

எடைக்கல்லில் ஒரே அடி.

"இப்போ ஒண்ணேயாக்கும் உண்டு. அதைத் தர மாட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "உனக்கக் குப்பியும் ஒண்ணு உடைக்கட்டா எலே?" என்றார்.

அக்கா அழவில்லை. குனிந்து பெயர் இருந்த சில்லை மட்டும் தேடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். "பெறக்குததுக்குக் கூலி ஒண்ணும் கிடையாது கேட்டியா" என்று அதற்கும் ஒரு வார்த்தை சொன்னார் அண்ணன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

அந்தச் சில்லைத்தான் அப்பாவின் கையில் கொடுத்தாராம். விரல் கிழிந்து ரத்தம் வந்தும் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டே இருந்தாராம். அவர் இறந்தபோது கல்லறை சிமெண்டில் அதைப் பதித்துவிட்டார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த மத்தியாஸ் குப்பியைக் கையில் தந்தார். குப்பி சேர்க்கிறவர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட போட்டோ வேண்டுமாம். பெருமை...

குப்பி சேர்க்கிறவன் முதலில் செய்கிற வேலையைச் செய்தேன். பக்கவாட்டில் அச்சுக் கோட்டைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே மேலே போனேன். அந்தக் காலக் குப்பிக்கு வாயைத் தனியாகக் கையால் வைப்பார்கள், கோடு கழுத்திலேயே நின்றுவிடும்.

இதில் நிற்கவில்லை. வாய் விளிம்பு வரைக்கும் ஓடியது.

புதுக் குப்பி. யாரோ பழசு மாதிரி செய்து அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அன்று தரையில் கிடந்த கழுத்துத் துண்டில் கோடு பாதியிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன். உடைத்ததுதான் அசல்.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பியை அவரிடமே நீட்டினேன்.

"போட்டோ எடுத்தாச்சா?"

"வேண்டாம் அண்ணா."

வாங்கி, முண்டின் நுனியால் குப்பியின் வாயைத் துடைத்தார். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. மனசு குளிர்ந்தது என்று சொன்னால் திட்டுவீர்கள். குளிர்ந்தது.

இன்று அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, அந்தப் பூட்டைத் திறந்து, குப்பியைச் சவப்பெட்டிக்குள் அவர் கைப்பக்கம் வைத்தார். "அவியளுக்க உயிரு இதிலயாக்கும். வைக்கலாம்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

"வையுங்க மைனி" என்றேன்.

குரூப் நண்பர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "எலே, லோகத்திலேயே ஒண்ணாக்கும் உண்டு. மண்ணுக்குள்ள போவுதுலே, தடு." அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

லில்லி அக்காவும் வந்திருந்தார். அவர் அப்பாவும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான். மண் போட்டு எல்லாரும் கலைந்த பிறகு அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ... அப்பா தொட்டது?"

"அதுதான் நிஜக் குப்பி அக்கா."

அக்கா அப்பாவின் கல்லறைப் பக்கம் போய், அந்தச் சில்லில் ஒட்டியிருந்த தூசியைச் சேலை நுனியால் துடைத்தார். எங்கள் அண்ணனின் குழியிலிருந்து பார்த்தாலே அது தெரியும்.

போய் வாங்க சிலுவைதாசன் அண்ணா... உங்கள் குப்பி உங்கள் கைப்பக்கத்திலேயே இருக்கிறது. இனி யாரும் கேட்டு வர மாட்டார்கள்.