புத்தூர் கட்டோடு போன டெமோ

போன வருஷம் மாங்காய் சீசன் முடிகிற சமயம். ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் சாயங்கால வண்டியைப் பிடிக்க ஓடினேன். தூறலில் நனைந்த படிக்கட்டு வழுக்கிவிட்டது. விழும்போது அலுவலகத்து லேப்டாப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். பைக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் வலது கைதான் முறிந்துபோனது!

அப்போது நான் திருப்பதியில், அலிபிரி போகும் வழியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தேன். கம்பெனிகள் தங்கள் அலுவல்களுக்குப் பயன்படுத்துகிற மென்பொருளுக்கு, பிரவுசரில் தெரியும் திரைகளைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் ஆளுக்கொரு திரை செய்து, வாடிக்கையாளர் முன்னால் டெமோ காட்ட வேண்டும். தேறினால் வேலை. இல்லாவிட்டால் பெங்களூரிலோ சென்னையிலோ தேட வேண்டும். வீட்டில் அனுப்பவே மாட்டார்கள். நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினம் போய்வரும் தூரத்தில் எனக்கு வாய்த்தது இந்த ஒரே இடம்தான்.

எனக்குக் கொடுத்தது சித்தூரில் உள்ள ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கான திரை. சர்க்கரை வேண்டும், டப்பா வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வரும் கோரிக்கைகள் அதில் வரிசையாக நிற்கும். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஒப்புதல்' அல்லது 'நிராகரி' என்று அழுத்த வேண்டும். அதைக் கல்யாண மேடை மாதிரி ஜோடித்து வைத்திருந்தேன். கலர் என்ன, நிழல் என்ன! பார்த்தவர்கள் எல்லாம் சூப்பர் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி டெமோவுக்கு ஒரு வாரம்கூட இல்லை என்கிற நிலையில்தான் இப்படி விழுந்து வைத்தேன். நைனா என்னை வண்டியில் உட்காரவைத்து நேராக, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூருக்குக் கொண்டுபோனார். பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக் கருவில் நனைத்த துணியைச் சுற்றி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். நான் கத்திய கத்தலில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொட்டி ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம். கை ஒடஞ்சா எந்தக் கடையில போயி வாங்கறது?" என்று நைனா திட்டினார். திட்டிக்கொண்டே என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

டெமோவைத் தள்ளிப்போட முடியுமா என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடத்தைப் போனில் கேட்டேன். "குதரதும்மா" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். முடியாதாம். அந்தத் தொழிற்சாலை அதிகாரி அன்றைக்கு விட்டால் கிடைக்க மாட்டாராம். என்னோடு பயிற்சியில் இருந்த பலமனேர்ப் பெண், "நுவ்வு செப்பு, நேனு கிளிக் சேஸ்தா" என்றாள். நான் பேசுவேனாம், அவள் மவுஸைப் பிடிப்பாளாம். நல்ல மனசுக்காரி. ஆனால் என் திரையை நானே ஓட்டிக் காட்டாமல் எப்படி வேலை கேட்பது?

வீட்டில் இடது கையால் முயன்று பார்த்தேன். மவுஸ் என் பேச்சைக் கேட்கவே இல்லை. சரி, கீபோர்டில் டேப் விசையைத் தட்டித் தட்டிப் போகலாம் என்று பார்த்தால், ஐயோ, எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை! நிற்கிற இடத்தைச் சுற்றி பிரவுசர் தானாகவே ஒரு நீலக் கோடு போடும். அசிங்கமாக இருக்கிறது என்று முதல் வேலையாக அதை எடுத்துவிட்டவளே நான்தான். அதைவிடக் கொடுமை அந்த 'ஒப்புதல்' பட்டன். அது பட்டனே இல்லை. பட்டன் மாதிரி வண்ணம் பூசிய வெறும் பெட்டி. மவுஸால் அழுத்தினால் வேலை செய்யும். கீபோர்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நான் செய்த திரையை என்னாலேயே பயன்படுத்த முடியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் எங்கே தப்பு என்று தெரிந்ததும் எனக்கு வந்த வெறி இருக்கிறதே!

நீலக் கோட்டைத் திரும்ப வைத்தேன். பெட்டிகளைத் தூக்கிவிட்டு நிஜப் பட்டன்களைப் போட்டேன். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு கையால சோறு துன்ன முடியல, கம்ப்யூட்டர் தட்டிக்கினு கீறா பாரு!"

ஒன்று மட்டும் சண்டித்தனம் செய்தது. 'நிராகரி' அழுத்தினால் காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அது மூடியதும் நீலக் கோடு விட்ட இடத்துக்கே வர வேண்டும். வராமல் திரையின் உச்சிக்கு ஓடிவிடும்; மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஒருவழியாகச் சரிசெய்தேன். ஆனாலும் ஒரு தடவை வந்தது, ஒரு தடவை வரவில்லை. கடைசியாக ஒரு வரியை மாற்றிவிட்டு, சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் ரயில் ஏறினேன்.

டெமோ அறையில் கட்டுப் போட்ட கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். பச்சிலை வாடை அறை முழுக்க. சித்தூர் அதிகாரி என் ஊரைக் கேட்டார். சொன்னதும், "நகரி பக்கமா? அப்ப தமிழ்லயே பேசும்மா. ஆமா, மவுஸ் எங்க?" என்றார்.

"மவுஸ் வேணாம் சார்" என்று ஆரம்பித்தேன். டேப், என்டர், டேப், என்டர். ஒப்புதல், ஒப்புதல் என்று நீலக் கோடு ஓடியது. அப்புறம் 'நிராகரி'. காரணம் எழுதி என்டர் தட்டினேன். பெட்டி மூடியது. நீலக் கோடு அதே வரியில் வந்து நின்றது!

"வந்துடுச்சு!" என்று கத்தியே விட்டேன். அறையே சிரித்தது. பலமனேர்ப் பெண் கை தட்டினாள்.

அதிகாரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டேப், என்டர் என்று போய்க்கொண்டே இருந்தார். மேடம் போதும் என்று கைகாட்டியும் திருப்பித் தரவில்லை. "தினம் நூத்துக்கணக்குல பாக்கறேன். மவுஸத் தேடித் தேடியே தோள்பட்டை போச்சும்மா" என்றார்.

மேடம் என் கட்டைப் பார்த்தார். "இதை அவுக்கறவரைக்கும் வெயிட் பண்ண வேணாம், திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடு" என்றார். அன்றைக்கு ரயிலில் நான் உட்காரவே இல்லை. சந்தோஷத்தில் ஊர் வரைக்கும் வாசலிலேயே நின்றுகொண்டு வந்தேன்.

கை எப்போதோ சேர்ந்துவிட்டது. இப்போதும் ஒரு திரையை முடித்ததும் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் அதை ஒரு முறை முழுக்க ஓட்டிப் பார்க்கிறேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் நாள் முழுக்க உழைக்கப்போகிற இடம் அது என்பதை அன்றைக்கு முறிந்த கைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.