கேட்காமல் எழுதிய ‘இல்லை’

ஆவடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுப்பது என் வேலை. கொடுக்கும்முன் புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும்.

கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். என் மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே வாசல் குழாய். மாவா என்னும் புகையிலைப் பாக்கை மெல்லுகிறவர்கள் அங்கேதான் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார்கள். அம்பத்தூரில் லேத் ஓட்டும் ஒருவரை அப்படித்தான் பிடித்தேன். விடாமல் நச்சரித்தேன்.

“இன்னா சிஸ்டர், மாத்திரைக்கு வந்தா மானத்த வாங்குறியே” என்பார். ஒருவழியாக மாவாவை விட்டார். அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கொரோனா வந்தது. மாஸ்க்கைக் கழற்றாதே என்று கத்துவதே நாங்கள்தான். வாயைத் திற என்று எப்படிச் சொல்வது? யாரும் துப்பக் கூடாதென்று குழாயையும் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். எட்டி நிற்பவர்களிடம் மாத்திரைக் கவரை நீட்டிவிட்டு, புகையிலைக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். போன மாதமும் இல்லைதானே. பயம் இருந்தது, வேலை தலைக்கு மேல் இருந்தது, எல்லாம் சரி. ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மாஸ்க் போன பிறகு ஒருநாள் அந்த லேத்காரரை வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்த வாய்க்குள் மூன்று விரல் நுழைய வேண்டும். அவருக்கு இரண்டுதான் நுழைந்தது. உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

“அண்ணே, திரும்ப எப்போ ஆரம்பிச்சீங்க?”

“கொரோனாலதான். மாஸ்க்குக்குள்ள அடக்கிகினு உன் எதுருலயே நின்னேன்.”

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். அங்கே சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். புற்றா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. போன் அடித்தால் ஆஸ்பத்திரியோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். நோட்டை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அவர் பெயருக்கு நேரே மாதாமாதம் என் கையெழுத்தில் ‘இல்லை’.

நேற்று மாத்திரைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

“நீ கேப்பியேன்னுதான் சிஸ்டர் அன்னிக்கு வுட்டேன். அப்பால நீ கேக்கவே இல்ல.”

அதில் கோபம் இல்லை. மாத்திரையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டார்.