ஓரத்தில் ஐந்து எழுத்து

என் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்த காலையில், மேற்கு மாம்பலம் வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு பழைய கப்பல் பட்டியலின் புகைப்படத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் கறுப்பாக ஒரு நூல் இறங்கியது. திரையைத் துடைத்தேன், போகவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நூல் புகையாக விரிந்தது. பத்து நிமிஷத்தில் எழுத்து எதுவும் தெரியவில்லை. வலது கண்ணில் ஒரு வருஷமாகவே கோடுகள் வளைந்துதான் தெரிந்தன, அதை மட்டும் வைத்துப் படிக்க முடியாது. அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

அடையாறு கண் மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கண்ணுல தூசி பூந்துச்சா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாக்டர் நல்லவர். பொய் சொல்லவில்லை. "ரத்தம் தானா வடியுதான்னு கொஞ்ச நாள் பார்ப்போம். வடியலேன்னா ஆபரேஷன். எவ்வளவு பார்வை திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"படிக்கலாமா டாக்டர்?"

"தெரிஞ்சாப் படிங்க" என்றார். பிறகு அப்படிச் சொன்னதற்காக வருத்தப்பட்டவர் போல என் கையைத் தொட்டார்.

எனக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அது வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் வேலை. மீதி நேரமெல்லாம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன காகிதங்களோடுதான். அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கவர்னர்களையும் கோட்டையையும் சண்டைகளையும் எழுதுவார்கள். அந்த ஊர்க் கடற்கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டு, மொரிஷியஸ் பக்கத்துத் தீவுகளுக்குப் போன தமிழ்ச் சனங்களைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. வாங்கினவன் எழுதியது, விற்றவன் எழுதியது, கப்பலில் எண்ணினவன் எழுதியது, இவைதான் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, வயது ஒத்துப்போகிறதா, தழும்பு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

இரண்டு வருஷமாக ஒரு புகார் மனு என்னை விடாமல் பிடித்திருந்தது. நெசவுக்காரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் புதுச்சேரி கோர்ட்டுக்கு நடந்து வந்திருக்கிறாள். தன் மகளை யாரோ தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரர் வீட்டில் விற்றுவிட்டார்கள் என்கிறாள். பெண்ணுக்கு வயது எட்டோ ஒன்பதோ. இடது காது மடல் கிழிந்திருக்கும். மணிக்கட்டில் தீச்சுட்ட வடு. அவள் தமிழில் சொன்னதைத் துபாஷி பிரெஞ்சில் சொல்ல, எழுத்தர் எழுதியிருக்கிறார். "மனுதாரர் தன் மகளைக் கோருகிறார்" என்று இருக்கிறது. எந்தத் தாய் அப்படிப் பேசுவாள்? அவள் என்ன சொன்னாள், மார்பில் அடித்துக்கொண்டாளா, எதுவும் அதில் இல்லை. தீர்ப்பும் இல்லை. அந்தக் காகிதக் கட்டு பாதியிலேயே நின்றுபோகிறது.

அதே காலத்தில் அடிமைகளை ஏற்றிப்போன கப்பல் ஒன்றின் பட்டியலைப் படம் எடுக்க ரொம்ப நாள் அலைந்து அனுமதி வாங்கியிருந்தேன். அதைப் படிக்க ஆரம்பித்த நாலாம் நாள்தான் கண் போனது.

அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். கல்லூரியிலிருந்து, இந்த வருஷம் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து வந்ததும் என் கணவர் கட்டில் பக்கத்தில் உட்காருவார். "நான் இனிமே எதுக்கு இருக்கணும்?" என்று அவரிடம் கேட்டேன். தினமும் கேட்டேன். எழுந்து போய்ச் சொட்டு மருந்தை எடுத்து வருவார்.

ஒரு மத்தியானம் அவருடைய அக்கா என் அறைக்குள் வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு வருஷமாக எங்களோடு இருந்தார். இருந்தும் சமையலைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நான் பழைய காகிதத்தில் காலத்தைப் போக்குகிறேன் என்பது அவர் எண்ணம். அவருக்கு என்ன தெரியும் என்பது என் எண்ணம்.

"உன் பிரெஞ்சுலயும் இங்கிலீஷ் எழுத்துதானே? நான் எழுத்து எழுத்தாச் சொல்றேன். நீ வார்த்தையாக்கிக்கோ."

"அது பழைய கையெழுத்து. உங்களால முடியாதுக்கா."

"ட்ரங்க் கால்ல கொரகொரன்னு கேட்ட பேரையெல்லாம் எழுதினவ நான். எழுந்து உட்காரு."

உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் மூன்று வரிதான் போனது. எஸ் எழுத்து பழைய கையெழுத்தில் எஃப் மாதிரி நீண்டிருக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் முறை அவரே கண்டுபிடித்தார். எங்கே சந்தேகம் வந்தாலும் எக்ஸ்சேஞ்ச் பழக்கத்தில் ஊர்ப் பெயர் சேர்த்துச் சொல்வார்: பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி. ஒரு வார்த்தை மட்டும் வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது.

"இது என்ன வார்த்தை? எல்லா வரியிலயும் வருதே."

"அடிமை."

அக்கா அது எத்தனை வரியில் வருகிறது என்று எண்ணினார். பிறகு அடுத்த வரியைப் படித்தார். அதற்குப் பின் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் கழுவி முடித்ததும் அவரே வந்து கணினியைத் திறப்பார்.

மூன்றாவது வாரம் அந்த வரி வந்தது. ஒரு பெண் குழந்தை. ஏதோ ஒரு கிறிஸ்தவப் புனிதையின் பெயரை வைத்திருந்தார்கள். வயது ஒன்பது இருக்கலாம். இடது காது கிழிந்தது. மணிக்கட்டில் தீ வடு. மனுவைப் பற்றி ஏற்கெனவே அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

"அவதானே?"

"மேல படிங்க."

"வரி முடிஞ்சுபோச்சு. ஓரத்துல ஏதோ இருக்கு, வேற மையில. எம் ஃபார் மெட்ராஸ். ஓ ஃபார் ஊட்டி. ஆர். டி ஃபார் ட்ரிவாண்ட்ரம்."

"அதுக்கு அப்புறம் ஈ இருக்கா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. அந்தக் குறிப்பு எந்த வரிக்கு நேரா இருக்கு?"

"ரெண்டு வரிக்கும் நடுவுல இருக்கு. மேல் வரியில ஒரு பையன்."

அதனால்தான் கேட்டேன். அது 'இறந்த' என்ற சொல்; இறந்தது பையன் என்றால் பிரெஞ்சில் நாலே எழுத்து. பெண் என்றால் கடைசியில் ஈ சேரும். அந்த ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருந்தது. திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறம் தவிர எதுவும் தெரியவில்லை.

அக்கா படத்தைப் பெரிதாக்கினார். மறுபடியும் பெரிதாக்கினார். வெகு நேரம் கழித்து, "இருக்கு" என்றார். "மங்கலா இருக்கு. ஈ ஃபார் எஜிப்ட்."

செத்துப்போனாள் என்று நான் சொல்லும்வரை அவருக்கு அர்த்தம் தெரியாது. சொன்னதும் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த அம்மா கோர்ட் வாசலில் எத்தனை நாள் காத்திருந்தாளோ, அப்போதே கப்பல் போய்விட்டிருந்ததோ என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எங்களுக்குள் சண்டை வந்தது. "அவதான்னு எழுது" என்றார் அக்கா.

"முடியாதுக்கா. காது ஒத்துப்போகுது, வடு ஒத்துப்போகுது, வயசு ஒத்துப்போகுது. ஆனா பேரு வேற. 'இருக்கலாம்'னுதான் எழுத முடியும்."

"இருக்கலாமா? பெத்தவகிட்ட போய் இருக்கலாம்னு சொல்லுவியா?"

"பெத்தவ செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!" என்று கத்தினேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

ரத்தம் வடியவில்லை. ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்ததும் டாக்டரின் விரல்களை எண்ண முடிந்தது, அவ்வளவுதான் திரும்பியது. இனி அதற்கு மேல் வராது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மணி நேரம் ஓரத்தைத் தேடினேன். தெரியவில்லை. பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லலை. ஈ இருக்கு."

"நம்பறேன்க்கா" என்றேன். நம்பினேன். ஆனாலும் தேடுவதை நிறுத்த முடியவில்லை.

கட்டுரையை நான் சொல்ல, அக்கா கையால் எழுதினார். 'இருக்கலாம்' என்ற சொல் வந்த இடத்தில் பேனா நின்றது. நான் காத்திருந்தேன். பிறகு எழுதினார். அடிக்குறிப்பில், ஓரத்திலுள்ள சொல்லின் கடைசி எழுத்தை ஆசிரியர் தன் கண்ணால் பார்க்கவில்லை, இன்னொருவர் வாசித்துச் சொன்னது என்று சேர்க்கச் சொன்னேன். அனுப்பிய இதழிலிருந்து இன்னும் பதில் இல்லை.

அந்தப் பட்டியலில் இன்னும் முப்பத்தோரு பக்கம் பாக்கி. நேற்று மத்தியானம் அக்கா ஒரு பக்கம் படித்தார். நாலு பேர் குழந்தைகள்.