துளைக்குள் இருந்த வெள்ளை

பழைய மரச்சாமானைப் பார்த்து வயசு சொல்லுவது என் தொழில். போன வருஷம் அக்காள்மடத்தில் ஒரு நல்ல பெட்டியைப் போலி என்று சொல்லிவிட்டேன். அதனால் ஒரு பெண்ணுக்குத் திருடி என்று பேர் வந்தது. இதே தொழிலில் கிடந்து வேகிறவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்கள் போய் வீட்டுக் கட்டிலுக்கு இன்னொரு கோட் வார்னிஷ் அடியுங்கள். எப்படியும் அடிக்கத்தான் போகிறீர்கள்.

முன்பக்கம் மட்டும்

ராமநாதபுரத்தில் ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர். வாட்ஸப்பில் நாற்காலிப் படம் அனுப்பி வயசு கேட்டார். முன்பக்கம் மட்டும். மரத்தின் முன்பக்கம் பொய் சொல்லும். வயசு முதுகிலும் அடியிலும் இருக்கும், அங்கேதான் ஆசாரி இழைப்புளி போட்டிருக்க மாட்டான். கைரம்பத்தால் அறுத்திருந்தால் கோடு நேராக, முன்னே பின்னே விழுந்திருக்கும். மில்லில் வட்டரம்பத்தால் அறுத்திருந்தால் பிறை பிறையாக விழுந்திருக்கும்; அது பிந்தின காலம். இதையெல்லாம் கைவலிக்க டைப் அடித்து, "நாற்காலியைக் கவிழ்த்துப் படம் எடுங்கள்" என்றேன். உடனே போன் வந்தது.

"அதுல எங்க மாமியார் உக்காந்திருக்காக. இப்பக் கவுக்க முடியாது. நீங்க பொதுவா ஒரு நூறு வருசம்னு சொல்லிருங்களேன்."

வாட்டர் சர்வீஸ்

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஒரு சம்சாரி வீடு. பர்மாத் தேக்குக் கட்டில், நாலு காலும் கடைசல். தூசி போகவில்லை என்று அந்த மனிதர் கட்டிலை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பைப்பை வைத்துப் பீய்ச்சி அடித்து, உச்சி வெயிலில் காயப் போட்டிருக்கிறார். நான் போனபோது பலகைகள் வளைந்து, மூட்டெல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன.

கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "துணிய நனைச்சு ஒட்டப் பிழிஞ்சு தொடைக்கணும். அடுத்த நிமிசம் காஞ்ச துணியால தொடைக்கணும். நிழல்ல வைக்கணும். இதுக்கு என்ன படிப்பு வேணும்?" என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"டிராக்டருக்கு ஒன்னும் ஆகலயேண்ணே!"

படிச்ச புழு

தொண்டியில் ஒரு வியாபாரி பழைய பெஞ்சு என்று பத்து உருப்படி வைத்திருந்தான். வேப்பமரம், அறுத்து ஆறு மாசம்கூட இருக்காது. டீத்தண்ணீரில் கறை ஏற்றி, டிரில்லிங் மிஷினில் துளை போட்டு, சில துளைகளை வெள்ளைப் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்தான். பூச்சி அரித்ததாம், பிறகு யாரோ ரிப்பேர் பார்த்ததாம். குச்சியை விட்டுப் பார்த்தேன். எல்லாத் துளையும் ஒரே ஆழம், ஒரே நேர். "ஏலே, பூச்சி ஸ்கேல் வச்சா துளை போடும்?" என்று கேட்டேன். அவனுக்கு வெட்கம் கிடையாது.

"எங்க ஊருப் புழு படிச்ச புழுண்ணே."

பஸ்ஸுக்கு நேரமாச்சு

அந்தக் கோபம் ஆறுவதற்குள் அக்காள்மடத்துக்கு ஒரு மீன்பிடிக் குடும்பம் கூப்பிட்டது. செத்துப்போன அப்பாவின் மரப்பெட்டி. கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்ட மகள் ரெஜினா வீட்டில் இருந்தது. வெளியூரில் பல வருஷம் விசைப்படகு ஓட்டிவிட்டுத் திரும்பிய அண்ணன் அந்தோணி, புதுவீட்டில் வைக்க அதைக் கேட்டான். அப்பா இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் படகில் மிஞ்சிய நீலப் பெயிண்டை அதற்கு அடித்துவிடுவாராம். ரெஜினா அத்தனை பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தாள். வெறும் மரத்தை அந்த வீட்டில் எவரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூடியில் விரல் நுழைகிற அளவுக்குத் துளைகள். உள்ளே வெள்ளை. எனக்குத் தொண்டிக்காரன் முகம்தான் தெரிந்தது. குனியவில்லை. கவிழ்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "போலி. மிஷின் துளை, புட்டி வச்சு அடைச்சிருக்கான்" என்றேன். அந்தோணி தங்கச்சி பக்கம் திரும்பினான். "அய்யா பெட்டிய எவன்ட்டடி வித்த? எங்கன இருந்து இதக் கொண்டாந்து வச்ச?" அவள் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு வார்த்தையச் சொல்லிட்டுப் பஸ் ஏறிருவீக. நான் இங்கனதான இருக்கணும்?"

ஊக்கு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் விசாரிப்பதாக ஏற்பாடு. சாட்சி நான். பெட்டியை முற்றத்தில் வைத்திருந்தார்கள். ரெஜினா ஓரமாக நின்றாள். அவளோடு கோயிலுக்குப் போய் வந்தவர்கள்கூட அவளை விட்டு என் பக்கம் நின்றார்கள். நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன், கொஞ்சம் அதட்டலாகவே.

கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். தாலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஒரு துளைக்குள் விட்டு மெல்ல நெம்பினாள். வெள்ளையாக ஒரு குழாய் வந்தது. முட்டை ஓடு கனம்தான், உள்ளே வெறும் பொத்தல். புட்டி என்றால் கட்டியாக அல்லவா வரவேண்டும்? "கடல்ல கெடக்குற மரத்தத் திங்கிற புழு கட்டுன கூடு இது. என் மூங்கிலு பூராம் இதுதான். கரையில இருக்க மரத்துல வராது" என்றாள்.

அப்போதுதான் பெட்டியைக் கவிழ்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அடிப்பலகையில் வரிசையாகப் படகு ஆணி அடித்த பழைய ஓட்டைகள், சுற்றிலும் துருக்கறை. மூட்டு இடுக்கில், உப்புத்தாள் எட்டாத இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக நீலப் பெயிண்ட். அந்தோணி விரலால் அதைத் தொட்டான். "அய்யா வள்ளம்," என்றான். "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில ஒடஞ்சது. அந்தப் பலகைதான் இது." பிறகு தங்கச்சி கையைப் பிடிக்கப் போனான். அவள் உடனே கையைக் கொடுத்துவிடவில்லை. அதுவும் நியாயம்தான்.

நான் ஊர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டேன். எனக்கே என் மேல் வந்த கோபத்துக்கு முன்னால் தொண்டிக்காரன் மேல் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. பாசிக்காரப் பெண் ஊக்கைத் துடைத்து மாட்டிக்கொண்டே எழுந்தாள்.

"ஊருக்கெல்லாம் கவுத்துப் பாருன்னு சொல்லுவீகளாம். நீங்க கவுக்க மாட்டீகளோ?"

நாற்பது வருஷமாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான்; அந்த ஒரு மரத்தைச் சரியாகப் பார்த்தது பாசி கட்டுகிற லூர்துமேரி.