நாய்க்குப் பார்த்த பொருத்தம்

நாய்க்குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொன்றாகத் தனியே தூக்கிவந்து, அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்ட வேண்டும். கூட்டத்தோடு விட்டுத் தட்டினால் ஏமாந்துபோவோம். கேட்காத குட்டியும் மற்றதைப் பார்த்துத் திரும்பிவிடும்.

எங்கள் ராஜபாளையம் பெட்டை சென்ற முறை போட்ட ஆறில் மூன்று திரும்பவே இல்லை. என் கணவர் தட்டு நெளியும்வரை தட்டினார். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டு, ஷிப்டுக்கும் போகாமல் உட்கார்ந்துவிட்டார். சிப்காட்டில் அவருக்கு வேலை என்று பேர்தான். உயிரெல்லாம் இந்த நாய்களில். உடம்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும், எங்கும் ஒரு புள்ளி விழக் கூடாது. அதற்காகப் பெட்டையை அதன் தாயோடு பிறந்த ஆணோடேயே சேர்த்திருந்தார். "வெளிய போனா கலர் கெட்டுடும். சொந்தத்துல பாத்தாத்தான் ஜாதி நிக்கும்" என்பார்.

கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்து குட்டிகளைப் பார்த்தார். "சார், இதுக்குப் பேரு இன்பிரீடிங். ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சேத்தா உள்ள ஒளிஞ்சிருக்கிற குறை வெளிய வந்துடும். சில பேரு லைன் பிரீடிங்னு தூரத்துச் சொந்தமாப் பாப்பாங்க. உங்க நாய்க்கு அதுவும் வேணாம். அதே ஜாதிதான், ஆனா ஒட்டு உறவே இல்லாத ஆணாப் பாருங்க. அவுட்கிராஸ்."

மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். காபி டம்ளர்களோடு வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரைத்தான். அவர் என் அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்கு முன்னும் மாமா, பின்னும் மாமா. எங்கள் ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது அவர்களைப் பார்த்துச் சரியாகத் திரும்புவாள். அதனால் மூன்று வயதுவரை எங்களுக்குத் தெரியவே இல்லை. இப்போது இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. இருந்தும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். மாமா அதைத் தெய்வக்குத்தம் என்று குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார். நாய் விஷயத்தில் மட்டும் தெய்வத்தை இழுக்கவில்லை.

அந்த மகளுக்கு இப்போது இருபத்தொரு வயது. அவள் பிறந்த அன்றே என் தம்பிக்கு என்று பேசி வைத்தாகிவிட்டது. தம்பி தங்கமானவன். கெட்டவனாக இருந்திருந்தால் ஒரே பேச்சில் முடித்திருப்பேன். "மாமா நல்லவருதாம்மா" என்றாள் மகள், என் தம்பியைச் சொல்லி. "எனக்குப் பொறக்குற புள்ளைக்கும் மெஷின் மாட்டணுமோன்னு பயமா இருக்குது. நீ சொல்லும்மா."

என்ன சொல்வது? அவளுக்குச் சொந்தத்தில் வேண்டாம் என்றால் என் கல்யாணத்தையும் குறை சொன்ன மாதிரி. ஒரு வாரம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அந்த வாரம் முழுக்க மாமா ராயக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிவரை போன் போட்டார். கடைசியில் பாரூரில் ஓர் ஆண் கிடைத்தது. "அதோட அப்பன் எந்த ஊரு? அதுக்கும் முன்ன? எங்க நாய் ரத்தம் எங்கியாச்சும் ஒட்டுதா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவன்கூட அப்படி விசாரிக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னார். பூ வைக்கத் தம்பியையும் அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார். நல்ல நாளாம்.

பாரூர்க்காரர் வேனிலிருந்து ஆணை இறக்கினார். மாமா அதை வாசலிலேயே நிறுத்தி, பின்னால் போய் அந்த நெளிந்த தட்டைத் தட்டினார். அது சட்டென்று திரும்பியது. "இனிமே என் குட்டிங்களுக்குக் காது கேக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

சற்று நேரத்தில் தம்பி பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்து நின்றான். "வாங்கு புள்ள" என்றார் மாமா.

என் கை நீளவில்லை. "நாய்க்குப் பாத்த மாதிரி நம்ம புள்ளைக்கும் வெளிய பாக்கலாம் மாமா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மாமா என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்ப, நாம கட்டிக்கிட்டதே தப்புங்கிறியா?"

இந்தக் கேள்விக்குத்தான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். இல்லை என்று சொன்னால் தட்டை வாங்கியாக வேண்டும். நிலைப்படியில் மகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து, "ஆமா மாமா" என்றேன்.